கடலூர்க் கரைத் துணி: வாங்கியதும் மறுத்ததும்

கெடிலம் ஆறு கடலில் சேரும் தேவனாம்பட்டினத்திலிருந்து வெள்ளாற்று முகத்துவாரத்துப் பரங்கிப்பேட்டை வரை நீளும் கடற்கரை, 17, 18ஆம் நூற்றாண்டுகளில் துணிக்காகவே பெயர்பெற்றது. டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் இங்கே பண்டகசாலை வைத்தது மிளகுக்காகவோ முத்துக்காகவோ அல்ல. உள்ளூர்த் தறிகளில் நெய்த பருத்தித் துணிக்காக. துணி வாங்குவதில்லை என்ற முடிவும் இந்தக் கரையை இருமுறை தொட்டிருக்கிறது. முதலில் இங்கிலாந்து சட்டம் போட்டு இந்தியத் துணியை மறுத்தது. அதன் பிறகு இந்தியர்களே சீமைத் துணியை மறுத்தார்கள். சூழல் அக்கறையால் புதுத்துணி வாங்குவதை நிறுத்திவிட்டு, இருக்கும் துணியைப் பண்பாட்டுச் சொத்தாகக் கருதும் இன்றைய போக்கு மூன்றாவது மறுப்பு. இதைப் புரிந்துகொள்ள முந்தைய இரண்டின் கதை வேண்டும்.

இந்த வட்டாரத்தின் துணித்தொழில் ஐரோப்பியர் வருகைக்கு வெகுகாலம் முந்தியது. கடலூருக்கு வடக்கே அரிக்கமேட்டில் 1945இல் அகழாய்வு செய்த மார்ட்டிமர் வீலர், அங்கே கிடைத்த செங்கல் தொட்டிகளைச் சாயத்தொட்டிகள் என்று கருதினார். சேக்கிழார் சிதம்பரம் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் அரங்கேற்றியதாகச் சொல்லப்படும் பெரியபுராணத்தில் துணியோடு தொடர்புடைய அடியார்கள் மூவர் உண்டு. அடியார்க்குக் கோவணம் கொடுத்த வணிகர் அமர்நீதியார், நெய்து கொடுத்த நேசர், வெளுத்துக் கொடுத்த திருக்குறிப்புத் தொண்டர். விற்பவர், நெய்பவர், வெளுப்பவர் என்று தொழிலின் மூன்று கைகளும் அதில் வந்துவிடுகின்றன. அமர்நீதியார் கதையில் ஒரு கோவணத்துக்கு ஈடாக அவர் செல்வம் முழுவதையும் தராசில் வைத்தும் தட்டு சமமாகவில்லை. ஒரு முழத் துணிக்கு இப்படியொரு மதிப்பைக் கற்பனை செய்ய முடிந்த சமூகம் அது.

விஜயநகர ஆட்சிக் காலத்தில் தறிக்கு வரி இருந்தது. கைக்கோளர் தறிக்கும் சாலியர் தறிக்கும் தனித்தனியாகக் கணக்கு வைத்தார்கள். 1429இல் வலங்கை, இடங்கைப் பிரிவினர் ஒன்றுகூடி வரிக்கொடுமையை எதிர்த்துத் தீர்மானம் செய்ததை விருத்தாசலம் உள்ளிட்ட ஊர்க் கோயில்களின் கல்வெட்டுகள் சொல்கின்றன. வரலாற்றாசிரியர் நொபோரு கராஷிமா இவற்றை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அதே நூற்றாண்டில் கைக்கோளர்கள் தண்டு எனப்பட்ட பல்லக்கும் சங்கும் பயன்படுத்தும் உரிமையையும் பெற்றார்கள். பல்லக்கும் சங்கும் அன்று வெறும் ஆடம்பரமல்ல. நெசவாளர் சாதி கோயிலிலும் ஊரிலும் மேலேறியதற்கான முத்திரைகள் அவை.

ஒரு துணி உருவாகப் பல கைகள் தேவைப்பட்டன. தக்காணத்துக் கரிசலில் விளைந்த பஞ்சை லம்பாடிகள் எருதுப் பொதிகளில் கொண்டுவந்தார்கள். கொட்டை நீக்கி, கொட்டி, நூற்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களில் உழவர் வீட்டுப் பெண்களும் விதவைகளும் அதிகம். நெசவாளர் வீட்டிலோ நூலைக் கஞ்சியில் தோய்த்துத் தெருவில் பாவு ஓட்டுவதற்கு ஆண், பெண், குழந்தை எல்லோரும் இறங்க வேண்டும். அதனால்தான் நெசவாளர் தெருக்கள் நீண்டும் நேராகவும் இருந்தன. நெய்து முடித்த துணி வெளுப்புக்குப் போகும், அதிலிருந்து சாயத்துக்கு.

சாயத்தில்தான் இந்தக் கரையின் கைத்திறன் முழுதாகத் தெரியும். சிவப்புக்குச் சாயவேர் என்னும் இம்பூறல். கடலோர மணலில் தானாக முளைக்கும் சிறு செடியின் வேர் அது. நீலத்துக்கு அவுரி. அவுரிச் சாயம் தண்ணீரில் கரையாது. அதை நொதிக்கவைத்துப் பச்சைமஞ்சள் நிறக் கரைசலாக்கினால்தான் நூலில் ஏறும். தென்னிந்தியச் சாயக்காரர்கள் இதற்குத் தகரை விதையை வேகவைத்துச் சுண்ணாம்பு நீரோடு தாழியில் ஊற்றி, நாள் கணக்கில் மூடி வைத்தார்கள். தாழியிலிருந்து எடுக்கும்போது துணி பச்சையாக இருக்கும். காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். மறுபடி முக்கி மறுபடி காயவைக்கும் ஒவ்வொரு சுற்றிலும் நீலம் கறுக்கும். தாழி பதமாக இருக்கிறதா என்பதை வாசனையாலும் நுரையாலும் கண்டுபிடிப்பது சாயக்காரரின் அனுபவம். எந்தக் கம்பெனிக் கணக்குப்புத்தகத்திலும் அதை எழுதிவைக்க முடியவில்லை.

டச்சுக்காரர்கள் 1608 வாக்கில் செஞ்சி நாயக்கரின் அனுமதியோடு தேவனாம்பட்டினத்துக்கு வந்தார்கள். அவர்களுடைய கணக்கு எளிமையானது. சுமத்திராவிலும் மொலுக்காத் தீவுகளிலும் மிளகும் கிராம்பும் வாங்க வெள்ளியைவிடச் சோழமண்டலத் துணி நன்றாகச் செல்லுபடியானது. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி 1680களில் கடலூரில் வியாபாரத்தைத் தொடங்கி, 1690இல் செஞ்சியிலிருந்த மராட்டியர்களிடம் தேவனாம்பட்டினக் கோட்டையை விலைக்கு வாங்கி அதற்குச் செயிண்ட் டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தது. கோட்டையோடு சேரும் நிலத்துக்கு எல்லை வகுத்த விதம் விசித்திரமானது. கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரத்தில் விழுந்ததோ அவ்வளவும் கம்பெனிக்கு. அப்படி அகப்பட்ட ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் நிலைத்தது. பீரங்கியால் அளந்து எடுத்த அந்த நிலத்தில் கம்பெனி முதலில் குடியேற்ற விரும்பியது நெசவாளர்களைத்தான்.

துணி வாங்கும் முறை முன்பணத்தில் ஓடியது. கம்பெனி உள்ளூர் வணிகர்களுக்குப் பணம் கொடுக்கும். அவர்கள் தரகர்கள் வழியாக நெசவாளர்களுக்குக் கொடுப்பார்கள். நீளம், அகலம், பாவின் இழைக்கணக்கு எல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கும். சலம்பூர், மூரி, லாங் கிளாத் என்று வகைக்கு ஒரு தரம். பாண்டிச்சேரியில் இதே தொழிலில் புழங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736இல் தொடங்கி எழுதிய நாட்குறிப்பில், முன்பணம், துணியின் தரம், கப்பல் வரவு பற்றிய பேச்சு திரும்பத் திரும்ப வருகிறது. இந்த ஏற்பாட்டில் நெசவாளருக்கு ஒரு பெரிய பிடி இருந்தது. வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதிக விலை தருபவருக்கு அவர் துணியை விற்கலாம். துணியை வாங்க ஒப்பந்தம் செய்தவருக்கோ எளிதில் பின்வாங்கும் உரிமை இல்லை. 18ஆம் நூற்றாண்டுத் தென்னிந்திய நெசவாளரின் வருவாய், தானியத்தால் அளந்தால், அதே காலத்து ஆங்கிலத் தொழிலாளியின் வருவாய்க்குக் குறைந்ததல்ல என்று வரலாற்றாசிரியர் பிரசன்னன் பார்த்தசாரதி வாதிட்டிருக்கிறார். கூலியளவு பற்றி அறிஞர்களிடையே சர்ச்சை உண்டு. ஆனால் நெசவாளருக்குப் பேரம் பேசும் வலு இருந்தது என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

பரங்கிப்பேட்டையின் வியாபாரம் வேறு வகை. அங்கே ஐரோப்பியரைவிடத் தமிழ் முஸ்லிம் வணிகரான மரக்காயர்களே முக்கியம். அவர்களுடைய கப்பல்கள் துணியேற்றி அச்சே, கெடா, மலாக்கா வரை போய்வந்தன. சோழமண்டலக் கரையிலும் குஜராத்திலும் நெய்து தென்கிழக்காசியாவுக்குப் போன துணிகளில் சில இன்றும் அங்கே உயிரோடு இருக்கின்றன. சுலாவெசித் தீவின் தொராஜா மக்கள் இந்தியத் துணிகளைப் புனிதமான குடும்பச் சொத்தாகக் கூடைகளில் பத்திரப்படுத்தி, தலைமுறை தலைமுறையாகச் சடங்குகளில் மட்டும் வெளியே எடுக்கிறார்கள். நெய்த ஊரில் அந்தக் காலத்துத் துணி ஒரு முழம் கிடைப்பதும் அரிது. துணியைப் பண்பாட்டுச் சொத்தாகப் பார்ப்பது புதிய கருத்து என்று நினைப்பவர்கள் இந்தத் தீவுக்காரர்களைப் பார்க்க வேண்டும்.

ஐரோப்பாவில் இதே துணி வேறு விதமான உணர்ச்சியைக் கிளப்பியது. மேற்குடிப் பெண்களும் வேலைக்காரிகளும் ஒரேபோல இந்தியச் சித்திரத் துணியை உடுத்தத் தொடங்கியதும், உள்ளூர்க் கம்பளி, பட்டு நெசவாளர்கள் கொதித்தெழுந்தார்கள். பிரான்ஸ் 1686இல் தடை விதித்து 1759 வரை அதை வைத்திருந்தது. இங்கிலாந்து 1700இல் அச்சிட்ட, சாயமிட்ட இந்தியத் துணியின் இறக்குமதியைத் தடுத்தது. அது போதவில்லை. 1719இல் லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளர்கள் தெருவில் போன பெண்களின் பருத்தி உடையைக் கிழித்தெறிந்தார்கள். 1721இல் அத்தகைய துணியை உடுத்துவதே குற்றம் என்று சட்டம் வந்தது. கடலூர்க் கரை உடனே முடங்கிவிடவில்லை. வெள்ளைத் துணியும், மறு ஏற்றுமதிக்கான துணியும், ஆப்பிரிக்காவுக்குப் போன நீலத்துணியும் தொடர்ந்து கப்பலேறின. அந்த நீலத்துணியில் பெரும்பகுதி அடிமை வியாபாரத்தில் பண்டமாற்றாகக் கைமாறியது என்பதையும் இந்த வரலாற்றிலிருந்து மறைக்க முடியாது. தடையின் உண்மையான பலன் இங்கிலாந்தில்தான் விளைந்தது. இந்தியத் துணி வராத சந்தையில் அந்த நாட்டின் பருத்தித் தொழில் போட்டியில்லாமல் வளர்ந்தது; ஓரளவு வளர்ந்ததும் 1774இல் உடுத்தும் தடை விலக்கப்பட்டது.

கடலூர் நெசவாளரை வீழ்த்தியது லண்டன் சட்டத்தைவிட, பக்கத்துக் கோட்டையிலிருந்தவர்கள் ஆட்சியாளர்களாக மாறியதுதான். 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது செயிண்ட் டேவிட் கோட்டையே கம்பெனியின் கிழக்குக்கரைத் தலைமையிடமாயிற்று. 1752 வரை அந்நிலை நீடித்தது. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அதைப் பிடித்து இடித்தார். சண்டை ஓய்ந்து கம்பெனி நாட்டையே ஆளத் தொடங்கியதும் பழைய பேரத்துக்கு இடமில்லாமல் போயிற்று. 1770களில் இடைநிலை வணிகர்களை ஒதுக்கிவிட்டுச் சம்பளக் குமாஸ்தாக்கள் நேரடியாக நெசவாளர்களிடம் வந்தார்கள். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து விலகும் உரிமை பறிபோனது. வேறு யாருக்கும் நெய்யக் கூடாது என்றானது. நெசவாளர்கள் தறியை நிறுத்தினார்கள், ஊரைவிட்டு வெளியேறினார்கள், மனு எழுதினார்கள். சின்னப்பா அரசரத்தினம் முதலிய வரலாற்றாசிரியர்கள் கம்பெனி ஆவணங்களிலிருந்து இந்தப் போராட்டங்களை மீட்டெடுத்திருக்கிறார்கள். அதற்குள் 1780இல் ஹைதர் அலியின் படையெடுப்பு வந்தது. 1781 ஜூலையில் பரங்கிப்பேட்டையிலேயே போர், 1783இல் கடலூர் முற்றுகை, இடையில் பஞ்சம். எந்தச் சட்டமும் செய்யாத அளவுக்கு அந்த நான்கு ஆண்டுகள் நெசவு ஊர்களைக் காலிசெய்தன.

19ஆம் நூற்றாண்டில் கம்பெனி வியாபாரத்தைக் கைவிட்டு வரிவசூலில் இறங்கியது. 1833க்குப் பின் அது வணிகக் கம்பெனியாகவே இல்லை. துணியேற்றிய பரங்கிப்பேட்டையில் 1830 வாக்கில் ஜோசையா மார்ஷல் ஹீத் இரும்பாலை தொடங்கினார், அதுவும் நிலைக்கவில்லை. இன்று அந்த ஊரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையம் இருக்கிறது. மரக்காயர் கப்பல்கள் நின்ற வெள்ளாற்று முகத்துவாரத்தில் இப்போது நண்டும் மீன்குஞ்சும் ஆய்வுப் பொருள்.

மான்செஸ்டர் துணி வந்து இந்திய நெசவை அழித்தது என்று ஒரே வரியில் சொல்வது வழக்கம். தமிழ்நாட்டில் நடந்தது அவ்வளவு நேரானதல்ல. முதலில் விழுந்தவர்கள் நூற்ற பெண்கள். 1820களிலிருந்து இறக்குமதியான ஆலைநூல் மலிவாகவும் சீராகவும் இருந்ததால் நெசவாளர்களே கைநூலைக் கைவிட்டார்கள். கைராட்டினம் வீட்டுப் பரணுக்குப் போனது. அந்த வருமானத்தை நம்பியிருந்த பெண்களின் பெயர் எந்த மனுவிலும் இல்லை. நெசவாளர்களோ ஆலைநூலை வைத்துக்கொண்டு, ஆலையால் எளிதில் செய்ய முடியாத நீளக் கரைச் சேலைகளையும் கட்டம்போட்ட கைலிகளையும் நெய்து தாக்குப்பிடித்தார்கள். சாயத்தின் கதை வேறு. கடலூரை உள்ளடக்கிய தென்னார்க்காடு மாவட்டம் 19ஆம் நூற்றாண்டு முழுவதும் சென்னை மாகாணத்தின் முதன்மையான அவுரி மாவட்டங்களில் ஒன்று. 1897இல் ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் அவுரி வயல்கள் சில ஆண்டுகளில் வேர்க்கடலைக்கும் வேறு பயிர்களுக்கும் மாறின.

வாங்குபவர் பக்கத்தில் துணி எப்படி இருந்தது என்பதும் இந்த வரலாற்றின் பகுதி. சாதாரண வீட்டில் ஒருவருக்கு இரண்டு மூன்று உருப்படிகளே. புதுத்துணி தீபாவளிக்கோ பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ வரும். கல்யாணக் கூறைச் சேலைக்குச் சிதம்பரம் பக்கத்தார் மாயவரத்தை அடுத்த கூறைநாட்டைத் தேடிப்போனார்கள். பட்டும் பருத்தியும் கலந்து கட்டம் கட்டமாக நெய்த சேலை அது. சேலை நைந்தால் வீட்டுப்புடவையாகும், பிறகு குழந்தைக்குத் தூளியாகும். தூளியும் தாங்காத நிலையில் அடுப்படிக் கரித்துணி, தரை துடைக்கும் துணி. நல்ல வெள்ளை வேட்டியின் கடைசி நாள் விளக்குத் திரியில். பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடாமல் தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்துப் போட்டதற்கு ஆசியும் காரணம், உடம்பை உறுத்தாத மென்மையும் காரணம். பழைய ஜரிகையை எடைக்கு எடுத்தவர்களும், பழந்துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுத்த தெரு வியாபாரிகளும் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணிகள். இதைத் தியாகம் என்று யாரும் சொல்லவில்லை. துணி விலை கூடிய பொருள், அவ்வளவுதான்.

குறைந்த உடையை வேண்டுமென்றே தேர்ந்தவரும் இதே மண்ணில் உண்டு. சிதம்பரம் அருகே மருதூரில் 1823இல் பிறந்த வள்ளலார் தைக்காத வெள்ளைத் துணியால் தலையையும் உடலையும் போர்த்திக்கொண்டார். காவி உடுத்தவில்லை. வடலூரில் 1872இல் அவர் திறந்த சத்திய ஞான சபையில் ஜோதிக்கு முன்னால் தொங்குவது ஏழு திரைகள்: கருப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன்மை, வெண்மை, கலப்பு. தைப்பூசத்தன்று ஒவ்வொன்றாக விலக்கி ஜோதி காட்டப்படுகிறது. சிதம்பரத்திலும் ரகசியத்தை மறைத்து நிற்பது ஒரு திரைதான். ஒரே மாவட்டத்தின் இரண்டு பெரிய வழிபாட்டிடங்களிலும் தெய்வத்துக்கும் அடியாருக்கும் நடுவே இருக்கும் கடைசிப் பொருள் துணி.

இரண்டாவது மறுப்பு 1905 ஆகஸ்ட் 7 அன்று கல்கத்தாவில் அறிவிக்கப்பட்ட சுதேசி இயக்கத்தில் தொடங்குகிறது. 1921 ஜூலை 31 அன்று பம்பாயில் காந்தியடிகள் சீமைத் துணிக்குத் தீவைத்தார். உடுக்கத் துணியில்லாதவர்கள் வாழும் நாட்டில் துணியை எரிப்பதா என்று தாகூர் கேட்டார்; அந்தக் கேள்வியின் நியாயம் இன்றும் குறையவில்லை. கதர் வாங்க வசதியில்லை, போதிய கதரும் கிடைப்பதில்லை என்று தமிழ்நாட்டுப் பயணத்தில் ஏழைகள் சொன்னதற்குக் காந்தி கண்ட விடைதான் 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் அவர் பூண்ட அரையாடை. வாங்க முடியாவிட்டால் சீமைத் துணியை நாடாமல், உடுப்பதையே குறைத்துக்கொள்வது என்பதுதான் அந்த முடிவு.

1927 செப்டம்பரில் கதர் நிதி திரட்டத் தமிழ்நாட்டில் பயணம் செய்தபோது காந்தி கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் வந்தார். கடலூர் முதுநகரில் 1890இல் பிறந்த அஞ்சலையம்மாள் 1921இலேயே ஒத்துழையாமை இயக்கத்தில் இறங்கியவர். 1927இல் சென்னையில் ஆங்கிலத் தளபதி நீலனின் சிலையை அகற்றக் கோரி நடந்த சத்தியாகிரகத்தில் மகள் அம்மாக்கண்ணுவோடு சிறை சென்றார். அந்தச் சிறுமிக்கு லீலாவதி என்று பெயர் சூட்டியவர் காந்தி. 1930களின் தொடக்கத்தில் மாகாணமெங்கும் சீமைத் துணிக்கடை மறியல் நடந்தது. சிதம்பரத்தில் 1920இல் தொடங்கிய மீனாட்சிக் கல்லூரியும், அதிலிருந்து 1929இல் திருவேட்களத்தை ஒட்டி அண்ணாமலை நகரில் எழுந்த பல்கலைக்கழகமும், கதர்ச்சட்டை ஓர் அரசியல் அறிவிப்பாக இருந்த தலைமுறையைத்தான் முதலில் வரவேற்றன.

கதர் இயக்கத்துக்குள் ஒரு முரண் இருந்தது. அதன் குறி நூற்பவர், தறிக்காரர் இரண்டாமிடம். 1925இல் உருவான அகில இந்தியச் சர்க்கா சங்கத்தின் கணக்கில் கைநூலால் கைத்தறியில் நெய்ததே கதர். ஆலைநூலைத் தறியில் போட்டுப் பிழைத்த, செங்குந்தர் எனப்படும் கைக்கோளருக்கும் சாலியருக்கும் அந்தச் சான்று கிடையாது. நூறாண்டுக்கு முன் வேலை இழந்த நூற்பவருக்கு நியாயம் செய்யப் புறப்பட்ட இயக்கம், இன்னும் வேலையிலிருந்த நெசவாளரை வெளியே நிறுத்தியது. அவர்களுக்கான வழி கூட்டுறவில் திறந்தது. 1935இல் உருவாகிப் பின்னாளில் கோ-ஆப்டெக்ஸ் ஆன சங்கம் நூல் கொடுத்துத் துணியை எடுத்துக்கொண்டது. 1950களின் தொடக்கத்தில் நெசவாளர்கள் பட்டினியில் விழுந்தபோது, முதலமைச்சராக இருந்த ராஜாஜி சேலையையும் வேட்டியையும் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று வலியுறுத்தினார்; அவரை எதிர்த்த அண்ணாவும் தோழர்களும் கைத்தறித் துணியைத் தெருவில் சுமந்து விற்றார்கள். அரசியலில் எதிரெதிராக நின்றவர்கள் சேர்ந்து நின்ற அபூர்வமான இடம் இது. 1953இல் ஆலைத்துணி மீது தீர்வை வந்தது. 1983இல் எம்.ஜி.ஆர். அரசு பொங்கலுக்கு இலவச வேட்டி சேலைத் திட்டத்தைத் தொடங்கியது. 1985இல் நாடாளுமன்றம் சில ரகங்களைக் கைத்தறிக்கு ஒதுக்கிச் சட்டம் இயற்றியது. விசைத்தறி இவற்றையெல்லாம் மீறி வளர்ந்தது.

மாவட்டத்தில் தறியோசை இன்னும் கேட்கும் ஊர்களில் ஒன்று வடலூரை ஒட்டிய குறிஞ்சிப்பாடி. கைலிக்குப் பேர்போன ஊர். வீட்டின் முன்கட்டில் தரையில் தோண்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, மிதிகட்டையை மாற்றி மாற்றி மிதித்து நாடாவை இழுப்பது குழித்தறி. பாவில் ஒரு வண்ணம் மாறிக் கோத்தால் கைலி முழுக்கக் கட்டம் பிசகும். அதனால் பாவு பிணைப்பவரின் கண்தான் முதல் தரக்கட்டுப்பாடு. தார் சுற்றுவது பெரும்பாலும் பெண்கள் வேலை. கூலிக்கணக்கில் அது தனியாக வருவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் குழியில் தண்ணீர் ஊறினால் தறி நிற்கும். அடைமழை நாட்களுக்குக் கூலி கிடையாது.

துணியைச் சேகரித்துப் பாதுகாக்கும் முயற்சிகள் இந்தியாவில் தனியார் ஆர்வத்தில் தொடங்கின. ருக்மிணி தேவி 1937இல் கலாக்ஷேத்திராவில் நெசவுக்கூடம் அமைத்துப் பழைய கரைகளையும் வண்ணச் சேர்க்கைகளையும் மீட்டார். அகமதாபாத்தில் 1949இல் காலிகோ அருங்காட்சியகம் திறந்தது. கோயில் விதானங்களுக்கும் தேருக்கும் துணியில் எழுதும் கருப்பூர்க் கலம்காரி 2021இல் புவிசார் குறியீடு பெற்றது. பட்டியலில் காஞ்சிபுரம், திருபுவனம், செட்டிநாட்டுக் கண்டாங்கி, மதுரைச் சுங்குடி எல்லாம் உண்டு. குறியீடு கிடைப்பது பட்டுக்கும் அலங்காரத்துக்கும் எளிது. கடலூர்க் கரை உலகுக்கு அனுப்பியதோ பெரும்பாலும் வெள்ளையும் நீலமும். அன்றாடம் உடுத்திக் கிழித்துத் தீர்த்த துணி. அப்படிப்பட்ட துணி அருங்காட்சியகத்துக்குப் போவதில்லை. அதன் பெருமை பொருளில் தங்கவில்லை, பாவு பிணைக்கும் கண்ணிலும் தாழியின் வாசனை அறியும் மூக்கிலும் தங்கியிருந்தது. தாழி போய்விட்டது. பாவு இன்னும் இருக்கிறது.

இன்றைய மூன்றாவது மறுப்பு வசதியுள்ள வீடுகளில் பிறந்தது. அலமாரி நிறைந்து வழிவதைக் கண்டு ஓராண்டுக்குப் புதுத்துணி வேண்டாம் என்று உறுதி எடுப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். 2015இல் பெங்களூரில் தொடங்கிய நூறு சேலை உடன்படிக்கை இதற்கு இந்திய முகம் கொடுத்தது. பெட்டியில் கிடக்கும் சேலைகளை எடுத்து ஆண்டுக்கு நூறு முறை உடுத்துவது, ஒவ்வொன்றின் கதையையும் சொல்வது என்பதே அது. காரணங்கள் வலுவானவை. ஒரு பருத்தி டி-ஷர்ட்டுக்கு ஏறக்குறைய 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்ற மதிப்பீடு பரவலாக அறியப்பட்டது. திருப்பூர்ச் சாயக்கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாட்டைக் கண்டு 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது தமிழ்நாட்டுக்கு நேரடி அனுபவம்.

ஆனால் எல்லாத் துணியையும் ஒரே மூச்சில் மறுப்பது வரலாற்றைப் படிக்காதவர் செய்யும் மறுப்பு. 1721இன் மறுப்பு ஒரு நாட்டு நெசவாளரைக் காக்க இன்னொரு நாட்டு நெசவாளரை ஒதுக்கியது. 1921இன் மறுப்பு நூற்பவரை நினைத்துக்கொண்டு தறிக்காரரை மறந்தது. மலிவு விலை ஆயத்த ஆடையை நிறுத்தும் வீடு, குறிஞ்சிப்பாடிக் கைலியையும் அதோடு சேர்த்து நிறுத்தினால் ஆறு மிஞ்சினாலும் தறி மிஞ்சாது. குறைவாக வாங்குவதும், வாங்கும் ஒன்றைக் கைத்தறியாக வாங்குவதும் சேர்ந்தே நடக்க வேண்டும். இருப்பதைக் காப்பதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. ஜரிகைச் சேலையை வெளுத்த பழைய வேட்டியில் சுற்றி வைப்பது, சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுவது, பூச்சி உருண்டைக்குப் பதில் வசம்போ காய்ந்த வேப்பிலையோ போடுவது எல்லாம் பாட்டிமார் அறிந்தவை. கூடவே எந்த ஊர்த் தறி, யார் கல்யாணத்துக்கு வாங்கியது, என்ன விலை என்று ஒரு சீட்டு எழுதி வைத்தால் அது ஆவணமாகிவிடும். தொராஜா வீட்டுக் கூடைகளில் துணி தப்பியது. நெய்தவர் யார் என்ற சேதி தப்பவில்லை.

தறியை நம்பியிருப்போரின் கணக்கு இது. 2009-10 தேசியக் கைத்தறிக் கணக்கெடுப்பில் நெசவாளர்களும் துணைத்தொழிலாளர்களும் 43.31 லட்சம் பேர், 2019-20இல் 35.22 லட்சம். நெசவாளர் குரலை அரசுக்குக் கொண்டுசெல்ல இருந்த அகில இந்தியக் கைத்தறி வாரியத்தை ஒன்றிய அரசு 2020 ஜூலை 27 அன்று கலைத்தது. அடுத்த பதினொன்றாம் நாள் தேசியக் கைத்தறி தினம் கொண்டாடப்பட்டது.